லைட் எரிந்தால் சென்சரா?

செக் எஞ்சின் லைட் எரிந்தால் போதும், ஹட்டன் பக்கத்தில் எந்த கராஜுக்குப் போனாலும் பாஸ் சொல்வது ஒன்றுதான்: "ஒக்சிஜன் சென்சர் போயிட்டு, மாத்துங்க." புகைக்குழாயில் ஒக்சிஜனை அளக்கும் சென்சர் அது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் கோட் வந்ததாம். அந்தக் கோட் சொல்வது கலவையில் காற்று கூட, பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான். சென்சர் செத்துவிட்டது என்று எங்கே சொன்னது? சாதாரண சென்சர் என்றால், எஞ்சின் சூடானதும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையில் துள்ளுகிறதா என்று பார்க்கலாம்; துள்ளினால் சென்சர் வேலை செய்கிறது. அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை! எஞ்சினுக்குக் காற்று போகும் மெனிஃபோல்ட் பக்கம் வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ் உஸ்ஸென்று அந்தக் கூடுதல் காற்றை இழுக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கிறது. சரி, புது சென்சரும் போட்டாச்சு, லைட் இன்னும் எரிகிறது. இப்போது புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டராம்!