காட்ஸ் வராத மாதத்தில் ஆட்டத்தை மாற்றாதீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இரவிரவாக ஒன்லைன் போக்கர் ஆடுகிற தம்பிமார் பலருக்கு இப்போது ஒரே முறைப்பாடு: “அண்ணே, ஒரு மாசமா காட்ஸே இல்ல, சைட்டில ஏதோ விளையாட்டு நடக்குது.”

சைட்டைத் திட்டுவதற்கு முதல் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்து, மேசையில் ஐந்து பொதுத் தாள் விரிக்கிற ஹோல்டெம் போக்கரில் ஏஸ் சோடி வருவது 221 கைக்கு (தாள் பகிரும் சுற்றுக்கு) ஒருமுறை. 500 கை ஆடியும் ஒருமுறைகூட அது வராமல் போக பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சோடி கிடைத்தாலும் ஃப்ளொப்பில், அதாவது முதலில் விரிக்கிற மூன்று பொதுத் தாளில், அதே இனத்தில் மூன்றாவது விழுவது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒன்றுதான். வந்த ஏஸ் சோடியும் சின்னச் சோடியிடம் ஐந்தில் ஒருமுறை தோற்கும். நேரில் இருந்து ஆடினால் மணித்தியாலத்துக்கு 25, 30 கை. ஒன்லைனில் நாலு மேசை திறந்தால் 300 வரை போகும். வாரக்கணக்கில் பரவி விழவேண்டிய அடி ஒரே இரவில் விழுவது அதனால்தான்.

ஆறு பேர் மேசையில் நூறு கைக்கு மூன்று பிக் பிளைண்ட் (கை தொடங்கமுன் கட்டாயமாக வைக்கிற இரண்டு பந்தயத்தில் பெரியது, சின்னது அதில் பாதி) வெல்லுகிற ஆள் நல்ல ஆட்டக்காரர். அவரே 10,000 கை முடிவில் நட்டத்தில் நிற்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது. 100,000 கைக்குப் பிறகும் ஏறக்குறைய ஏழில் ஒன்று. எனவே ஒரு மாத முடிவை வைத்து உங்கள் ஆட்டத்தை எடைபோடாதீர்கள்.

உண்மையில் காசு போகிற இடம் வேறு. ஏஸ்-கிங்கோடு பந்தயத்தை மூன்று பிக் பிளைண்டுக்கு உயர்த்துகிறீர்கள் (ரெய்ஸ்), பிக் பிளைண்ட் வைத்தவர் மட்டும் அதே அளவு வைத்துக் கூட வருகிறார் (கோல்). எறிந்துவிட்டுப் போன சின்ன பிளைண்டின் அரையோடு பொட், அதாவது நடுவில் சேர்ந்த காசு, ஆறரை. ஃப்ளொப் குவீன், ஏழு, நாலு. மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு பிளைண்ட் அளவு அடிக்கிறீர்கள், அவர் கோல். டேர்னில், அதாவது நாலாவது பொதுத் தாளாக, ஒரு இரண்டு விழுகிறது. எதிரே இருப்பவர் சோடி பிடித்தால் விடாத ஆள் என்று தெரிந்திருந்தால் இங்கே கையை விடவேண்டும். நட்டம் ஐந்து பிளைண்ட். காட்ஸ் வராத எரிச்சலில் இருப்பவர் டேர்னில் ஏழு பிளைண்ட், கடைசித் தாளான ரிவரில் பதினேழு பிளைண்ட் என்று அடித்துவிட்டு, மொத்தம் 29 பிளைண்டைக் குவீன் சோடியிடம் கொடுக்கிறார். கூடப்போன 24 பிளைண்ட், மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரருக்கு எண்ணூறு கையின் இலாபம்! இதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

304 சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே கிடைத்த எட்டுத் தாளையும் வைத்துத்தான் ஆடி முடிக்கவேண்டும். போக்கரில் எறிய முடியும். ஆறு பேர் மேசையில் நாலில் மூன்று கையை எறிவது சாதாரணம். காட்ஸ் இல்லாத இரவில் இன்னும் கூடுதலாக எறியவேண்டி வரும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. தொடர்ந்து தோற்றவர் பயந்துபோய், ரிவரில் நல்ல சோடியோடு அடிக்கவேண்டிய இடத்தில் செக் பண்ணுகிறார், அதாவது காசு வைக்காமல் விடுகிறார். தோல்வி வலிக்கும், கிடைக்காமல்போன காசு கண்ணில் படாது. எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கசிவுதான்.

அந்தப் பயத்துக்கு ரூபாயும் ஒரு காரணம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. மேசையில் இருந்துகொண்டு பொட்டை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் எவருக்கும் கை நடுங்கும். சைட்டின் செட்டிங்ஸில் தொகையைப் பிக் பிளைண்டில் காட்டச் சொல்லிவிடுங்கள். ஆட்டக்காசாக நாற்பது பை-இன் (ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகிற 100 பிக் பிளைண்ட்) ஒதுக்குங்கள். ஒரு சென்ற், இரண்டு சென்ற் பிளைண்ட் மேசையென்றால் அது 80 டொலர். இருபத்தைந்து பை-இன்னாகக் குறைந்தால் ஒரு படி சின்ன மேசைக்கு இறங்குங்கள். விட்டதைப் பிடிக்க மேலே ஏறவே கூடாது. வீட்டு வாடகையோ கடன் காசோ அதற்குள் வந்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், தயவுசெய்து.

நேரமும் முக்கியம். மத்திய ஐரோப்பாவில் மாலை ஏழு மணி என்றால் கொழும்பில் கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. மேசைகள் நிரம்பி இலகுவாக இருக்கிற நேரத்தில் எங்களுக்குத் தூக்கம். மூன்று பை-இன் போனால் எழும்பிவிடுங்கள், அல்லது இரண்டு மணிக்கு அலாரம் வையுங்கள்.

தோற்ற கைகளை அன்றிரவே பார்க்காமல் மறுநாள் பாருங்கள். ஆடிய கைகளைப் பதிந்து கணக்கிடுகிற டிராக்கர் மென்பொருளில், ஓல்-இன் ஈவி கோடு (முழுக்காசையும் வைத்த கைகளில் வாய்ப்புக் கணக்குப்படி வந்திருக்கவேண்டிய தொகை) உங்கள் இலாபக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஓல்-இன்களில் அதிர்ஷ்டம் குறைவு என்று அர்த்தம். ஆனால் கிங் சோடியோடு ஏஸ் சோடியிடம் மாட்டியதை அந்தக் கோடு துரதிர்ஷ்டமாகக் கணக்கெடுக்காது. அதனால் ஓல்-இன் ஆகாமல் தோற்ற பெரிய பொட்களைத் தனியே பிரித்து, முதலில் ரிவரில் கோல் பண்ணியவற்றைப் பாருங்கள்.