ஒப்பந்தத் தொழிலாளர்களின் நோய் விடுப்பு: ஒரு திருத்தம்

மாநகராட்சி வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்பவர்கள் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்று சொல்லப்படுகிறது. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) சந்தா பிடிக்கப்படுபவர்களுக்கு அது பொருந்தாதுங்க. மருத்துவச் சான்று இருந்தால், முதல் 2 நாள் கழித்து, ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரித் தினக்கூலியில் 70 சதவீதத்தை இஎஸ்ஐயே தரும். பொதுவாக, அரையாண்டுச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சம்பளச் சீட்டில் 0.75 சதவீதப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் இஎஸ்ஐ தளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணோடு நுழைந்தால், எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். காய்ச்சலோடு வேலைக்குப் போகும் தூய்மைப் பணியாளர்களுக்குத் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள இஎஸ்ஐ மண்டல அலுவலகத்திலும் நேரில் கேட்கலாம்.