கூகுள் எர்த்தில் தெரிவது நேரலை அல்ல

"கூகுள் எர்த்தைத் திறந்தால் உங்கள் மொட்டைமாடியில் யார் நிற்கிறார்கள் என்பதை இந்த நொடியே பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பார்க்க முடியாது. அதில் இருப்பவை எப்போதோ எடுத்து ஒட்டிவைத்த படங்கள். பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகள் பழையவை. கிட்டத்தில் தெளிவாகத் தெரிகிற பல படங்கள் செயற்கைக்கோள் எடுத்தவைகூட அல்ல, விமானத்திலிருந்து எடுத்தவை.

சரி, ஏன் நேரலை முடியாது? வீடு, கார் தெரிய வேண்டுமானால் செயற்கைக்கோள் தாழ்வாகச் சுற்ற வேண்டும். வேர்ல்ட்வியூ-3 என்ற படமெடுக்கும் செயற்கைக்கோள் சுற்றுவது 617 கி.மீ. உயரத்தில். அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் சுமார் 31 செ.மீ. ஆனால் அந்த உயரத்தில் நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடியாக வேண்டும். உங்கள் தெருவுக்கு மேலே நின்று வேடிக்கை பார்க்க நேரமேது? ஒரே இடத்தின் மேல் நிற்பதுபோல் இருக்க 36,000 கி.மீ. உயரம் போக வேண்டும். அங்கிருக்கும் இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஎஸ்ஸுக்கு ஒரு புள்ளி என்பதே ஏறக்குறைய 1 கி.மீ. புயல் தெரியும், தண்ணீர்த்தொட்டி தெரியாது.

சந்தேகமிருந்தால் கணினியில் கூகுள் எர்த் ப்ரோ என்ற மென்பொருளைத் திறந்து திரையின் அடிப்பகுதியைப் பாருங்கள். படம் எடுத்த தேதி இருக்கும். கொஞ்சம் நகர்த்தினால் ஒட்டுப்போட்ட இடமும் சிக்கும்: தையலுக்கு இந்தப் பக்கம் பச்சை வயல், அந்தப் பக்கம் அறுவடை முடிந்த காய்ந்த நிலம்.