காலா கில்லா மட்டும் கோட்டை இல்லையாம்!

நேத்து குரூப்ல நடந்த கூத்த எல்லாரும் பார்த்திருப்பீங்க, ஸ்க்ரீன்ஷாட் வேற சுத்துது, அதனால முழுக்கதையும் திருப்பிச் சொல்லல. மும்பை கோட்டைங்கள நடந்து சுத்திக் காட்டுற ‘கோட்டை வாக்’ லிஸ்ட்ல நம்ம தாராவி காலா கில்லா ஏன் இல்லன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "அங்கல்லாம் ஃபேமிலியோட போற மாதிரி இருக்காது ப்ரோ"ன்னு பதில், கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. பதில விடுங்க, அந்த எமோஜிதான் தூங்க விடல.

அது கோட்டைங்க. சுவத்துலயே கல்வெட்டு இருக்கு, கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுல 1737-ல கட்டுனதுன்னு. அதே வருஷம்தான் மராட்டியப் படை போர்ச்சுகீஸ்காரன்கிட்டருந்து தானேவப் புடிச்சுது. அப்போ இங்கிலீஷ்காரனோட பாம்பே இந்தக் கரையோட முடிஞ்சிடும், எதிர்க்கரை அவனுது இல்ல. இன்னைக்கு மூக்கப் பொத்திக்கிட்டு தாண்டுறோமே மித்தி ஆறு, அதப் பார்த்து காவல் நின்ன கோட்டை இது. பஸ் டிப்போ பக்கத்துல நிக்குதுங்கறதுக்காக கோட்டை இல்லன்னு ஆயிடுமா?

சிவ்ரிக்கு மட்டும் கேமராவத் தூக்கிட்டு ஓடுறீங்க. நல்ல கோட்டைதான், 1680-ல கட்டுனது, 1689-ல ஜஞ்சிரா தீவுக்கோட்டைய ஆண்ட சித்தி வம்சத்து யாகூத் கான் படை வந்தப்போ அங்கதான் முதல்ல கை வச்சான், நானே நாலு பேரக் கூட்டிட்டுப் போய்க் காட்டிருக்கேன். ஆனா நீங்க போறது யாகூத் கானுக்காகவா, அங்க வர்ற ஃப்ளெமிங்கோ பறவைக்காகவா? வொர்லி கோட்டைக்கு கோலிவாடா மீனவர் குடியிருப்புச் சந்துக்குள்ள, காயப்போட்ட மீனத் தாண்டித்தான் போகணும். அது ‘லோக்கல் ஃப்ளேவர்’. நம்ம சந்துன்னா ‘சேஃப் இல்ல’. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

நாங்க சின்ன வயசுல காலா கில்லா பக்கத்துல கிரிக்கெட் ஆடுவோம். பந்து சுவத்துக்கு அந்தப்பக்கம் போச்சுன்னா அவ்ளோதான், ஏறிக் குதிக்கறதுக்கு எவனுக்கும் தைரியம் கெடையாது, உள்ள சயான் கோட்டை வரைக்கும் சுரங்கம் போகுது, போனவன் திரும்பி வரமாட்டான்னு பெரிய பசங்க கதை விட்டு வச்சிருந்தானுங்க. ஒரு அண்ணன் மட்டும் ஏறுவாரு. கருங்கல் இடுக்குல பெருவிரல ஊன்றி பல்லி மாதிரி ஏறி, உள்ளருந்து மூணு பந்த வீசுவாரு, அதுல ஒண்ணுகூட எங்களுது இருக்காது. சரி அத விடுங்க.

"குப்பைய மொதல்ல அள்ளுங்க, அப்புறம் வர்றோம்"னு ஒருத்தர் வருவீங்க, தெரியும். குப்பை இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அத நாங்க ஆசைப்பட்டா கொட்டி வச்சிருக்கோம்? வண்டி வந்தாத்தானே அள்ளுவான்! "எல்லாத்துலயும் ஏன் ஏரியா பிரச்சனையக் கொண்டு வர்றீங்க"ன்னு இன்னொருத்தர். சார், கொண்டு வந்தது நானா?

வெளியாள் சொல்லிருந்தா கடந்து போயிருப்பேன். சொன்னது மாட்டுங்கால வளர்ந்த நம்ம தமிழ் ஆளு. திருநெல்வேலிலருந்து வந்து தோல் பதனிட்டு கை வெந்து போன தாத்தாவோட பேரன் நான். எங்கப்பா யார் கேட்டாலும் தாராவின்னு சொல்லாம, பக்கத்து ஏரியா சயான்ல இருக்கோம்னுதான் சொல்வாரு. நானும் முதல் வேலை இன்டர்வியூல அப்படித்தான் சொன்னேன், இன்டர்வியூ பண்ண அம்மா ஃபார்ம்ல பின்கோடு 400017-னு பார்த்துட்டு "ஓ, தாராவியா"ன்னாங்க. வேற எதுவும் சொல்லல. அந்த "ஓ" போதாதா?

வாக் நடத்துற அண்ணே, நீங்க கூப்பிடலைன்னா கோட்டைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா ஆளுக்கு ஐநூறு ரூவா வாங்கிட்டு போஸ்டர்ல ‘பாம்பேயின் அனைத்துக் கோட்டைகளும்’னு போடறீங்கல்ல, அந்த ‘அனைத்து’ம்ங்கறத மட்டும் அழிச்சிடுங்க.