சிக்கு தனி ஆள் வாத்தியம் அல்ல

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டு இசையையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் கலந்து எழுதுகிறோம் என்று வரும் படைப்புகளில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஐந்து சுர மெட்டு ஒன்றை எடுத்து ஒரு புல்லாங்குழலிடம் கொடுப்பார்கள். அடியில் வயலின்களை நீளமாக இழுக்க விடுவார்கள். காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் ஆண்டீஸ் இருக்காது. அந்த இசையின் உயிரில் பெரும்பகுதி, மூச்சை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பெரு, பொலிவியா எல்லையில் உள்ள டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றி அய்மாரா, கெச்சுவா என்ற பழங்குடி மக்களின் ஊர்களில் ஊதும் சிக்குவைப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் சம்போன்யா என்பார்கள். அடி மூடிய நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டியது. பரவலாக உள்ள அமைப்பில் அது இரண்டு பாதி: ஆறு குழாய் உள்ளது இரா, ஏழு குழாய் உள்ளது அர்க்கா. மேற்கத்தியச் சுரப்பெயர்களில் சொன்னால், அர்க்காவில் டி, எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ, ஜி, பி. இராவில் ஈ, ஜி, பி, டி, எஃப் ஷார்ப், ஏ. சுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிந்திருப்பதால் சாதாரண ஆரோகணத்தைக்கூட ஒருவர் தனியாக ஊத முடியாது. இரா முன்னே போகும், அர்க்கா பதில் சொல்லும். குழாய்க்குக் காற்று நிறைய வேண்டும்; ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். அந்த மூச்சு இரைச்சலும் இசைதான்.

இதை இரண்டு மேற்கத்தியப் புல்லாங்குழல்களுக்கு எழுதுகிறவர்கள் இசைத்தாளின் ஒரே ஐந்து கோட்டு வரிசையில், இராவின் சுரக்குறிகளுக்குத் தண்டு மேலாக, அர்க்காவுக்குக் கீழாக எழுதுவது நல்லது. தனித்தனித் தாள் கொடுத்தால் வாசிப்பவர் இடைவெளிகளை எண்ணத் தொடங்கிவிடுவார். அப்போது தாளம் இறுகி, மெட்டு துண்டு துண்டாக உடைந்துவிடும். இருவரும் முதலில் முழு மெட்டையும் வாயால் பாடிப் பழகி, பிறகு பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுரமும் அடுத்தவருடைய சுரத்தின் மேல் கொஞ்சம் படிய வேண்டும். சுத்தமாக வெட்டி நிறுத்தினால் நடுவில் ஓட்டை விழும். இருவரும் சில அடி தள்ளி நின்றால்தான் மெட்டு இடம் மாறி மாறிப் போவது காதில் விழும். செலவு குறைவு என்று இரண்டு பங்கையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் மெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

அமெரிக்க இசையமைப்பாளர் காப்ரியேலா லேனா ஃபிராங்க் 2001இல் நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு எழுதிய ‘லெயெந்தாஸ்’ இந்தக் கலப்பு முயற்சிகளில் எனக்கு மிக நேர்மையான வேலையாகப் படுகிறது. குழலே இல்லாத படைப்பு அது. சம்போன்யா பகுதியில் மெட்டு வாத்தியங்களுக்குள் பிரிந்து போகிறது. அடிச்சுரத்தின் மேல் உபசுரங்கள் (அதோடு சேர்ந்து மெலிதாக எழும் மேல் சுரங்கள்) ஒலிப்பதைக் காட்ட இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கச் சொல்கிறார். தார்க்கா என்ற கனத்த மரக்குழலுக்கு இன்னொரு பகுதி. தார்க்காவைப் பலமாக ஊதி, ஒலி பிளந்து அதிரும்படி செய்வார்கள். அந்தக் கரகரப்புதான் அழகு. அதை ‘சுத்தம்’ செய்கிறவர்கள் அதைக் கேட்கவே இல்லை என்றுதான் சொல்வேன். (தார்க்கா மழைக்காலத்துக்கும் கார்னிவலுக்கும் உரியது, சிக்கு பெரும்பாலும் வறண்ட மாதங்களுக்கு. இரண்டையும் ஒரே மேடையில் சேர்ப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.)

தனி ஆள்தான் வேண்டும் என்றால் கேனா இருக்கிறது. இரு முனையும் திறந்த குழல், மேல் விளிம்பில் ஒரு வெட்டு, முன்னால் ஆறு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. ஜி சுருதிக் கேனா சுமார் 37, 38 சென்டிமீட்டர் இருக்கும். 1933இல் அர்ஜென்டினாவின் உமவாக்காவில் பிறந்த ஊன்யா ராமோஸ் கேனா கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் இருந்தவர். இந்தக் குழலைப் பாரிஸ் மேடைகளுக்குக் கொண்டுபோனார். ஜி மேஜர், ஈ மைனர் இதற்கு இயல்பான இடம். ஈ ஃபிளாட் மேஜரில் எழுதிவிட்டு, அரைத் துளை மூடி வாசிப்பவரிடம் சுருதி சேரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

சுருதி என்றதும் வெப்பநிலையைச் சொல்லியாக வேண்டும். அடி மூடிய குழாயில் 440 ஹெர்ட்ஸ் வர, காற்றுத் தம்பம் 20 டிகிரியில் சுமார் 19.5 சென்டிமீட்டர் வேண்டும். அறை 10 டிகிரி சூடானால் சுருதி கிட்டத்தட்ட 30 சென்ட் ஏறும், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. வயலின் கூடவே நகரும், பியானோ நகராது. குழாய்க்குள் சில தானிய மணிகளைப் போட்டால் சுருதியை ஏற்றலாம். இறக்க வழி இல்லை. அதனால் குழாயைச் சற்று நீளமாக வெட்டச் சொல்லுங்கள்.

1980இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் செர்ஹியோ ப்ருதென்சியோ தொடங்கிய நாட்டு வாத்தியங்களின் சோதனை இசைக்குழு வேறு வழியைக் காட்டியது. சிக்குவையும் தார்க்காவையும் சிம்பனிக்கு அலங்காரமாக ஒட்டாமல், அவற்றுக்கென்றே புதிய இசை எழுதினார்கள். ஒரே சுரத்தைப் பல குழல்கள் மயிரிழை விலகி ஊதும் அகலமான ஒலியை அங்கே யாரும் பிழை என்று திருத்துவதில்லை.

சிக்கு முறையில் எழுதியிருப்பதாகச் சொல்லும் எந்தப் படைப்பையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இராவின் பங்கை மட்டும் தனியே வாசிக்கச் சொல்லுங்கள். அதிலேயே மெட்டு முழுதாகக் கேட்டால் பங்கீடு தவறு. திரும்ப எழுத வேண்டும்.