செடிப் பைக்கும் பேனருக்கும் பணம் இருக்கிறது, சொல்லிக்கொடுப்பவருக்கு இல்லை

பள்ளித் தோட்டம், மாடித் தோட்டம், ஊர்ப் பொதுத் தோட்டம், இயற்கை விவசாயப் பயிற்சி என்று சின்னச் சின்னதாக நிதி தருகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசு தருகிறது. கம்பெனிகள் சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு நிதியில் தருகின்றன. முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் சேர்த்து அனுப்புகிறார்கள். மனசார வரவேற்கிறேன். தொகை சின்னதாக இருப்பதிலும் எனக்கு வருத்தமில்லை, தோட்டத்துக்குக் கோடிகள் தேவையில்லை. என் ஆதங்கம் ஒன்றுதான்: அந்தப் பணம் பொருளுக்குப் போகிறது, சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குப் போவதில்லை.

பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி 2019இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. மதிய உணவுத் திட்ட நிதியிலிருந்து ஒரு பள்ளிக்கு 5,000 ரூபாய். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மாடித்தோட்டத் தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு செடிப் பைகள், ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. நல்ல தொகுப்பு. ஆனால் வெண்டைச் செடி முழங்கால் உயரம் வந்ததும் இலைக்கு அடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி ஒட்டும். அப்போது இலையைத் திருப்பிக் காட்டி, "இது அசுவினி, பக்கத்தில் இருக்கும் பொறிவண்டு இதைத் தின்கிறது, வண்டை விட்டுவிடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தொகுப்பில் வருவதில்லை.

எங்கள் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். நிதி மார்ச்சில் வந்தது. பை, விதை, பெயர்ப்பலகை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. மே மாதம் போய்ப் பார்த்தால் பைக்குள் இருந்த நார்க்கழிவு காய்ந்து சுருங்கி ஓரத்தைவிட்டு விலகி நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் நடுவில் இறங்காமல் ஓர இடுக்கு வழியாக அப்படியே அடியில் வெளியேறுகிறது. செடி எல்லாம் கருகிவிட்டது. அதே பள்ளியில் கை கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் சத்துணவு அமைப்பாளர் அக்கா நட்ட முருங்கையும் அகத்தியும் பச்சைப்பசேலென்று நின்றன. அவற்றுக்கு யாரும் நிதி தரவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவுக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பணத்தை அவசரமாக இறக்குகிறார்கள். கோடை தொடங்குகிற நேரம். அடுத்து முழுப் பரீட்சை, அதற்கடுத்து விடுமுறை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று காலங்காலமாகச் சொல்லிவரும் ஊரில் பங்குனி வெயிலில் நாற்று நடச் சொல்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கிறது, ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. இதைவிடப் பொருத்தமான காலம் வேறு கிடையாது. ஆனால் அந்த மாதத்தில் யார் கையிலும் நிதி இருப்பதில்லை.

கற்பித்தல் என்றால் அரங்கத்தில் ஒருநாள் கூட்டம், பிஸ்கட், டீ, சான்றிதழ் என்று ஆகிவிட்டது. 1989இல் இந்தோனேசியாவில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியபோது இப்படிச் செய்யவில்லை. பூச்சிமருந்து அடிக்க அடிக்க நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி பெருகியது, ஏனென்றால் புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றது. இதைச் சொற்பொழிவில் சொன்னால் எந்த விவசாயி நம்புவார்? அதனால் பருவம் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை வயலில் கூடினார்கள். தூரைப் பிரித்துப் பூச்சிகளை எண்ணினார்கள், பார்த்ததைப் படமாக வரைந்தார்கள், மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். நம் ஊரில் அட்மா என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மைத் திட்டத்தின் பண்ணைப் பள்ளிகளும் அந்த வழியில் வந்தவைதான். பருவம் முழுக்கக் கூட இருப்பதுதான் இதில் உயிர்நாடி.

கற்பிக்காமல் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். நாடு முழுக்க இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை வாபஸ். இடையில் அடிபட்டவர்கள் சிறு விவசாயிகள். இயற்கை விவசாயம் தோற்றதற்கு அதை உதாரணம் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது, அந்த விவசாயிக்கு மண்ணைத் தேற்ற எத்தனை பருவம் கொடுத்தார்கள் என்பதுதான்.

சிறு உதவி எப்படி வேலை செய்யும் என்பதற்கு நெல் ஜெயராமனைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006இல் அவர் தொடங்கிய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வருவது அடுத்தவருக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2018 டிசம்பரில் அவர் மறைந்துவிட்டார், விதை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

"ஆளுக்குப் பணம் கொடுத்தால் கணக்கு எப்படிக் காட்டுவது?" என்று நிதி தருகிறவர்கள் கேட்கிறார்கள். பையை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம், கற்றுக்கொண்டதை எப்படி எண்ணுவது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். விதையை எண்ணுங்கள். கொத்தவரையும் அவரையும் பீர்க்கனும் செடியிலேயே முற்றிக் காய்ந்து எத்தனை பிடி விதை வந்தது, அதை எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று எண்ணலாம். இதற்கு வீரிய ஒட்டு விதைப் பாக்கெட் உதவாது. அதில் எடுக்கும் விதை அடுத்த முறை தாய்ச்செடி போல வராது. நாட்டு விதைதான் வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு என்ன செலவாகும்? வாரத்தில் ஒரு காலைப் பொழுது, 500 ரூபாய். ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரத்துக்குக் கொடுத்தாலும் 26,000 ரூபாய்தான். ஆரம்பநாள் விழாவுக்குப் பந்தல், பேனர், சால்வை என்று இதில் பாதியைச் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். நாற்றுப் பறிப்பு, களையெடுப்பு என்று வயலிலேயே வாழ்ந்த அம்மாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்தச் செடிக்குச் சாம்பல் தூவ வேண்டும், எதற்கு இலைதழையால் மூடாக்குப் போட வேண்டும், எந்தக் காயை விதைக்கு விட வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துபடி. சான்றிதழ் இல்லை என்பதால் அவர்களை யாரும் பயிற்றுநர் என்று அழைப்பதில்லை. விண்ணப்பமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் எல்லாம் கேட்கிறது. ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இதை எப்படி நிரப்பும்? அம்பதாயிரம் ரூபாய் தருவதற்கு இவ்வளவு காகிதம் எதற்கு? தமிழில் ஒரு பக்கம், தலைமையாசிரியர் கையெழுத்து, வங்கிக் கணக்கு எண் போதாதா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைத் தீர்மானமாகவே போடலாம். தோட்டத்துக்கென்று யார் நிதி தந்தாலும் பாதி சொல்லிக்கொடுப்பவருக்கு. மே மாதத் தண்ணீருக்கும் தண்ணீர் ஊற்றுபவர் கூலிக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். நடவு ஆடியில். ஒரே ஆண்டுக்கு மட்டும் தருகிறேன் என்பவரிடம், அதே தொகையை மூன்றாகப் பிரித்து மூன்று ஆண்டுக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.