அந்த ஐநூறு ரூபாயைக் கட்டியது யார்?

இன்று காலை பேப்பரில் மறுபடியும் அதே தலைப்பு. மசாஜ் சென்டர், ரெய்டு, ‘அழகிகள் மீட்பு’. மீட்கப்பட்டவர்களை ஏன் அழகிகள் என்று எழுத வேண்டும் என்பது இருக்கட்டும். என்னை உறுத்துவது ‘மீட்பு’ என்கிற சொல். மீட்டார்கள், சரி. அப்புறம் அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று மறுநாள் எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை.

நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்த காலம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்குகள், கூப்பிடும் நேரம். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண், கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிட்டதாக வழக்கு. வேலை வாங்கித் தருவதாக ஊரிலிருந்து கூட்டிவந்தவன்தான் தன்னை இதில் தள்ளினான் என்று வராந்தாவில் என்னிடம் சொன்னாள். அதை உள்ளே நீதிபதியிடம் சொல் என்றேன். சிரித்தாள். “சொன்னா கேஸ் இழுக்கும்க்கா. ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு சாயங்காலமே போயிரலாம்.”

ஒத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐநூறு ரூபாய். கட்டியது வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றிருந்த ஒருவன். யார் என்று நான் கேட்கவில்லை. தலை நிமிராமல் அவன் பைக்கில் போய் ஏறிக்கொண்டாள், அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஐநூறும் அவள் கடன் கணக்கில் ஏறியிருக்கும், வட்டியோடு.

நம் நாட்டில் பாலியல் தொழில் செய்வது அதனளவில் குற்றமல்ல. பலருக்கு இது தெரியாது. 2020 செப்டம்பரில், காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தபோது மும்பை உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் சட்டம் (1986-இல் பெயர் மாற்றி, இப்போது ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம்) சுற்றி வளைத்து அந்தப் பெண்ணைத்தான் பிடிக்கிறது. பொது இடத்தில் ஆள் அழைத்தால் 8-ஆவது பிரிவு: முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை ஒரு ஆண் செய்தால்? அதிகபட்சம் மூன்று மாதம். எழுதியவர்கள் என்ன கணக்கில் எழுதினார்களோ! பெண்ணைக் கூட்டிவந்து தள்ளியவனுக்கு 5-ஆவது பிரிவில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை, அவள் விருப்பத்துக்கு மாறாகச் செய்திருந்தால் பதினான்கு ஆண்டு வரைகூட உண்டு. ஆனால் அதை நிரூபிக்க அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். தன்மேலும் கேஸ் இருக்கிறவள் எந்தத் தைரியத்தில் ஏறுவாள்?

எனக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒரு விஷயம்தான். கடத்திக்கொண்டு வருகிறவன் பூட்டும் சங்கிலியும் வைத்திருக்க வேண்டியதில்லை. “போலீஸுக்குப் போனா உன்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க” என்கிற ஒரு வாக்கியம் போதும். அவன் அவளிடம் சொன்ன எத்தனையோ பொய்களுக்கு நடுவே இது ஒன்றுதான் உண்மை. அதை உண்மையாக்கி வைத்திருப்பது நாம்.

தண்டனை ரசீதோடு முடிவதும் இல்லை. இப்படித் தண்டனை வாங்கிய ஒருத்தி ஐந்து வருஷம் கழித்து, எப்படியோ தப்பித்து, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு எழுதிப் போடுகிறாள். போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பழைய தாளைத்தான் முதலில் நீட்டுவார்.

அபராதம் போடாமல், மீட்ட பெண்ணைக் காப்பகத்துக்கு அனுப்பினால் மட்டும்? வெளியே விட உறவுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். சில பெண்களை விற்றதே அந்த உறவுக்காரர்தான். 1999-இல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டது: விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் இருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்யுங்கள், அவர்களின் அடையாளம் ஊடகங்களில் வரக் கூடாது என்று. கணக்கெடுப்பு எந்த அளவில் நடக்கிறதோ, ‘அழகிகள்’ மட்டும் தவறாமல் வருகிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் 2010-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடத்தப்பட்டு இந்தத் தொழிலில் தள்ளப்பட்டவர் என்று காட்டினால், பழைய தண்டனையையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். அமெரிக்காவிலேயே அதுதான் முதல். நம்முடைய 1956 சட்டத்தில் இப்படி ஒரு கதவு இல்லை.

“கேஸ் போடாவிட்டால் புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம்தானே?” என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். புரோக்கர் மேல் போடுங்கள், யார் வேண்டாமென்றது? வாடிக்கையாளரைத் தண்டிக்கலாமா கூடாதா என்று பெண்ணியவாதிகளுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு. ஸ்வீடன் 1999-லிருந்து வாங்குகிறவரைத் தண்டிக்கிறது. நியூசிலாந்து 2003-இல் இரு தரப்பையுமே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எனக்கே இதில் முடிவான கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு நாடுகளுமே உடம்பை விற்கும் பெண்மேல் கேஸ் போடுவதில்லை.

அந்தப் பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. 8-ஆவது பிரிவில் இரண்டாம் முறை தண்டனை என்றால் ஒரு வருஷம் வரை சிறை. ஒத்துக்கொள்வதற்கு முன்னால் இதை அன்று கோர்ட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.